தாத்தா ஏரோப்ளேன் ரெக்கைக்கு துணி தைச்சேன்னு சொல்வாரு, நெசமா?

வண்ணாரப்பேட்டை பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா டெய்லர், பழைய வண்ணாரப்பேட்டைல வீட்டுத் திண்ணையிலயே மிஷின் போட்டு தைச்சுகினு இருந்தவரு. கல்யாணத்துக்கு முன்னாடி மீனம்பாக்கத்துல ரெண்டு வருஷம் ஏரோப்ளேன் ரெக்கைக்கு துணி தைச்சேன்னு சொல்லிகினே இருப்பாரு, வீட்ல ஒருத்தரும் நம்பல, ப்ளேன்ல ஏது துணி, எல்லாம் தகரம்தானேன்னு எங்க நைனாவே சொல்லிடுவாரு. போன வாரம் மழைத்தண்ணி பரண்ல எறங்கி ட்ரங்க் பெட்டிய எறக்குனா உள்ள ஒரு போட்டோ. ப்ளேன் பக்கத்துல தாத்தா. மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு அடுக்கு ரெக்க, கூரையே கெடையாது, முன்னாடி ஒரு சீட்டு பின்னாடி ஒரு சீட்டு, உடம்புல வி.டி.ன்னு ரெண்டு எழுத்து தெரியுது மீதி அழிஞ்சிடுச்சு. கூடவே கோணி ஊசி மாதிரி ஒண்ணு இருந்துச்சு, ஆனா ஒரு அடி நீளம். இது இன்னா ப்ளேன்? தாத்தா சொன்னது நெசமா?

பெரம்பூர் ஏரோமாடல்:
வி.டி.ன்னா இந்திய சிவில் ப்ளேன், ஏர்ஃபோர்ஸ் இல்ல. ஃப்ளையிங் கிளப் ப்ளேனா இருக்கும். மூக்க பாருங்க. இஞ்சின் சிலிண்டர் மேல துருத்திகினு நின்னா ஜிப்ஸி மோத். மேல வழவழன்னு இருந்து ரெக்க லேசா பின்னாடி சாஞ்சிருந்தா டைகர் மோத், அதுல இஞ்சின தலகீழா மாட்டிருப்பாங்க. ரெக்க சாஞ்சதுக்கும் காரணம் இருக்கு. முன் சீட்டுல உக்கார்றது வாத்தியாரு, பழைய மோத்துல அவர சுத்தி மேல் ரெக்கைய தாங்குற கம்பிங்க, பாராசூட்டோட எகிறி குதிக்க முடியாது. அதனால டைகர் மோத்துல மேல் ரெக்கைய முன்னாடி தள்ளுனாங்க, தள்ளுனதும் பேலன்ஸ் கெட்டுச்சு, அத சரிபண்ண ரெக்கைய பின்னாடி சாய்ச்சாங்க. 1931 அக்டோபர் 26ல மொதமொதல்ல பறந்துச்சு, 8000க்கு மேல செஞ்சாங்க, பிரேக் கெடையாது, ப்ரொப்பெல்லர கையாலதான் சுத்தி விடணும்.

திருவொற்றியூர் பெரியவர்:
தம்பி, உங்க தாத்தா சொன்னது அத்தனையும் நெசம். உள்ள மரச்சட்டம், மேல துணி, ரெக்கைன்னா அவ்ளோதான். நான் ட்ரெய்னிங்ல இருந்தப்ப கிளைடர், அதான் இஞ்சின் இல்லாத ப்ளேன், அது ரெக்கைக்கு இதே வேலைய செஞ்சிருக்கேன். துணிய உறை மாதிரி தைச்சு மாட்டிட்டு ஒவ்வொரு ரிப்பையும், அதான் ரெக்கைக்கு வடிவம் குடுக்குற உள்சட்டம், சுத்தி தைக்கணும், ரெக்கைய நிமித்தி நிறுத்திட்டு இந்தப் பக்கம் ஒரு ஆளு அந்தப் பக்கம் ஒரு ஆளு, ஊசி முழு ரெக்கையையும் தாண்டி போய் திரும்பி வரணும், அதுக்குத்தான் ஒரு அடி ஊசி. அது கோணி ஊசி இல்லப்பா. நூலுக்கு மெழுகு தடவுவோம், ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு, ஏன்னா ஒண்ணு அறுந்தாலும் அடுத்தது பிரியக்கூடாது. ப்ரொப்பெல்லர் காத்து நேரா அடிக்கிற எடத்துல இன்னும் நெருக்கமா தைக்கணும். அப்புறம் தையல் மேல டேப் ஒட்டி, டோப்னு துணிய இறுக்குற ஒரு பூச்சு, அத அடிப்போம், நெயில் பாலிஷ் வாசம் மாதிரி மூக்க துளைக்கும், காஞ்சதும் துணி இறுகி வெரலால தட்டுனா தவுல் மாதிரி கேக்கும். இன்னொருத்தன் உசுரு நம்ம தையல்ல தொங்குது, அதனால கண்டவங்க கையில ஊசிய குடுக்க மாட்டாங்க.

ராயபுரம் ரீடர்:
டைகர் மோத் ஒண்ண நம்ம ஏர்ஃபோர்ஸ் ரிப்பேர் பண்ண வெச்சு 2012 ஏர்ஃபோர்ஸ் டேல டெல்லி பக்கத்துல ஹிண்டன் ஏர்பேஸ்ல பறக்க விட்டாங்க. வீடியோ கெடச்சா உங்க நைனாவுக்கு போட்டு காட்டுங்க.

வண்ணாரப்பேட்டை பையன்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். மூக்கு வழவழன்னுதான் இருக்கு, ரெக்கையும் பின்னாடி சாஞ்சிருக்கு, டைகர் மோத்தேதான். பெரியவர் எழுதுனத எங்க ஆயாவுக்கு படிச்சு காட்டுனேன். அந்தப் பக்கம் நிக்கிற ஆளு ஊசிய திருப்பி விடணும்னு வந்ததும் கைய புடிச்சுகிட்டாங்க, கல்யாணமான புதுசுல தாத்தா போர்வைய கொடில போட்டு அவங்கள அந்தப் பக்கம் நிக்க வெச்சு தைச்சு காட்டுனாராம், வெளயாட்டுன்னு நெனச்சாங்களாம். நைனா ஒண்ணும் பேசல, போட்டோவ வாங்கி பாத்துகினே இருந்தாரு. ஐயா, ஊசில லேசா துரு ஏறிருக்கு, இன்னா போட்டு தொடைக்கலாம்?

திருவொற்றியூர் பெரியவர்:
உப்புத்தாள் போட்றாதப்பா, கூரு போயிடும். தையல் மிஷின் எண்ணெய ஒரு பழைய துணில தொட்டு நாலஞ்சு நாள் தொடை. காது ஓட்டைக்குள்ள மெழுகு ஒட்டிகினு இருக்கான்னு பாத்து சொல்லு.