ஜப்பானிய நண்பருக்குத் தமிழ்: நடுவில் ஆங்கிலம் எதற்கு?

ஜப்பானியருக்குப் பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் வேலையாக ஆங்கிலத்தை ஓரங்கட்டலாம். வினை கடைசியில் வருவதும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் அவர்களுக்குப் பழகியவைதான். 'தபெதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பாரு'. 'கத்தே ஒகு' என்றால் 'வாங்கி வை'. வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லும் 'இத்தே கிமாஸ்' சொல்லுக்குச் சொல் நம்ம 'போய்ட்டு வர்றேன்'. (இப்படிப்பட்ட ஒற்றுமைகளை வைத்து இரண்டும் உறவுமொழிகள் என்றார் ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ. பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. பாடம் நடத்த அந்த வழக்கு வேண்டாம்.)

இடறுவது 'வா', 'போ'வில். உங்களைப் பார்க்க வந்துகொண்டே, போனில் 'இதோ போறேன்' என்பார். ஆளை எங்கேயோ அனுப்பிவிட்டோமோ என்று நமக்குத் திக்கென்றிருக்கும். கேட்பவர் இருக்கும் இடத்துக்குக் கிளம்பினாலும் ஜப்பானிய மொழியில் அது 'இகு', அதாவது போவதுதான். விதி சொல்லிப் பயனில்லை. ஆளுக்கொரு அறையில் நின்று போனில் கூப்பிட்டு, 'எங்க இருக்கீங்க?', 'இதோ வர்றேன்' என்று பத்துத் தடவை பேசவிடுங்கள். நாம் ஜப்பானிய மொழி கற்கும்போது இதே தப்பைத் தலைகீழாகச் செய்வோம்: 'இமா இகிமாஸ்' (இப்போ போறேன்) என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இமா கிமாஸ்' (இப்போ வர்றேன்) என்போம்.

* * *

உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லைக் கட்டகானாவில் (பிறமொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) குறித்துக்கொள்ள விடவே கூடாது. ர, ற, ல, ள, ழ ஐந்தும் ஒரே 'ரா' வரிசையில் போய் விழும். அப்புறம் மலையும் மழையும் பிரியாது. முதல் வாரமே இந்த 5 எழுத்தையும் தமிழில் எழுதப் பழக்குங்கள். வலி–வழி, பல்லி–பள்ளி என்று ஜோடியாகச் சொல்லி, எது என்று கைகாட்டச் சொல்லுங்கள். தினம் 5 நிமிடம் போதும். வாயால் சொல்வது பிறகு.

குறில் நெடிலுக்கு மெனக்கெட வேண்டாம். 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காது. பால் 'பாலு' ஆனாலும் திருத்தாதீர்கள், நாமே அப்படித்தானே பேசுகிறோம்!

* * *

'ஹை, ஹை' ('ஆமா, ஆமா') என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது நம்ம 'ம்' கொட்டுவதுதான். 'புரிஞ்சுதா?' என்று கேட்காமல், ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்.

'ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?' என்றதற்கு 'ஞாயிறு சொத்தோ…' ('ஞாயிறு கொஞ்சம்…') என்று இழுத்தால் வரமாட்டார் என்று பொருள். 'ஏன், என்ன வேலை?' என்று தோண்டக் கூடாது. அதேபோல நம்ம 'சாப்டீங்களா?' விருந்து அழைப்பில்லை, 'ஆச்சு, நீங்க?' என்றால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மரியாதை விகுதியில் ஒரு பொறி உண்டு. வெளியாரிடம் தன் அப்பாவை உயர்த்திப் பேசுவது அங்கே வழக்கமில்லை. மரியாதை ஒட்டெல்லாம் இல்லாமல் வெறும் 'சிச்சி' என்பார்கள் (நம் காதில் 'சீச்சீ' என்று விழும், சிரித்துவிடாதீர்கள்). அதே அடக்கத்தைத் தமிழுக்கும் கொண்டுவந்தால் 'எங்க அப்பா வர்றான்' ஆகிவிடும். 'அப்பா வர்றாரு, அம்மா வர்றாங்க' என்று உறவுப் பெயரோடு வினையையும் சேர்த்தே மனப்பாடம் செய்யவைப்பதுதான் வழி.