பரங்கிமலைக்கு அடியில் மின்சாரம் கிடைக்குமா?

பல்லாவரம் மாணவி:
எங்கள் வீட்டு போர்வெல் 450 அடி ஆழம். மார்கழிக் காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. அமெரிக்காவில் ஒரு கடற்படைத் தளத்திலேயே புவிவெப்ப மின்நிலையம் இருக்கிறதாம். பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்திலும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் இது சாத்தியமா என்று கல்லூரிக்குக் கட்டுரை எழுத வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

கல்லுடைப்பான்:
உங்கள் தண்ணீர் சூடாகவில்லை அம்மா, காற்றுதான் குளிர்ந்திருக்கிறது. பூமிக்குள் இறங்க இறங்கக் கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறும் என்று தாராளமாக வைத்தாலும் 450 அடிக்கு மூன்றரை டிகிரிதான் ஏறும். டர்பைன் சுழலப் பொதுவாக 100 டிகிரியாவது வேண்டும். மேல்மண்ணின் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதற்கு மூன்று கிலோமீட்டர் துளைக்க வேண்டும். அதுவும் சார்னகைட் என்ற கடினமான பாறையில். அவ்வளவு ஆழம் போனாலும் வெப்பத்தைச் சுமந்து வர அங்கே தண்ணீர் ஓட வெடிப்பு இருக்க வேண்டுமே!

ஓய்வுபெற்ற சுபேதார், ஆவடி:
ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். பரங்கிமலையை விடு மகளே, லடாக்கின் பூகா பள்ளத்தாக்கைப் பற்றி எழுது. சுமார் 4,400 மீட்டர் உயரம். கொதிநீர் ஊற்றுகளிலிருந்து ஆவி எழும். நாங்களோ பக்கத்திலேயே மண்ணெண்ணெய் புகாரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். (அண்ணா சாலை பிரியாணிக் கடை அல்ல, கூடார அடுப்பு.) அந்த மண்ணெண்ணெய் முழுவதும் லாரியில் மலையேறி வந்தது.

நீ சொல்லும் தளம் கலிபோர்னியாவின் சைனா லேக். அங்குள்ள கோசோ வயலில் 1987 முதல் மின் உற்பத்தி நடக்கிறது. ஆனால் நிலையத்தை நடத்துவது தனியார். மின்சாரம் வெளியே விற்பனைக்குப் போகிறது, கடற்படைக்குப் பங்குப் பணம் வருகிறது. எல்லைக் காவலனுக்குப் பங்குப் பணம் எதற்கு? அவனுக்கு வேண்டியது சூடான அறை. ஆகவே முதலில் தளத்தின் தேவையை அள. எத்தனை பேர், எத்தனை பீப்பாய் எண்ணெய், அதில் எவ்வளவு வெறும் கணப்புக்குப் போகிறது? கணப்புதான் பெரும்பங்கு என்றால் டர்பைனே வேண்டாம், 80 டிகிரி நீரைக் குழாயில் விட்டால் போதும்.

கல்லுடைப்பான்:
ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் பூகா நீரில் வெண்காரமும் கந்தகமும் உண்டு. குழாய் அடைக்கும், அரிக்கும். 2022இல் அங்கே துளையிட்டபோது உள்ளிருந்த நீர் பீறிட்டு ஓடையில் கலந்து, வேலையே நின்றது. நீரின் வேதியியலும், திரும்பப் பூமிக்குள் செலுத்தும் வழியும் மதிப்பீட்டில் கட்டாயம் வேண்டும்.

பல்லாவரம் மாணவி:
தலைப்பை மாற்றிவிட்டேன். ஐயா, ஊற்றிலிருந்து முகாமுக்குக் குழாய் போட்டால் எது பெரிய தொல்லை?

ஓய்வுபெற்ற சுபேதார், ஆவடி:
பம்பு நிற்பது. ஜனவரி இரவில் தண்ணீர் உள்ளே தேங்கினால் விடிவதற்குள் உறைந்து குழாய் பிளந்துவிடும். வடிகால் வால்வை எங்கே வைப்பாய் என்பதைப் படத்தில் போட்டுக் காட்டு.