சந்திரனில் காற்றே இல்லை, பிறகு ஏன் 100 கி.மீ. உயரம்?

ரியூசன்கள்ளன்:
நேற்று பௌதிகவியல் வகுப்பில் செய்மதிக் கணக்கு செய்தபோது வந்த சந்தேகம். சந்திரயான்-1 சுற்றியது 100 கி.மீ. உயரத்தில், ஜப்பானின் ககுயா கலமும் அதே 100. பூமியில் என்றால் காற்று இழுத்து விழுத்திவிடும், சரி. அங்கே காற்றுப் பயம் இல்லையே, 10 கி.மீ.க்கு இறக்கினால் படம் இன்னும் வடிவாக விழும்தானே? சேரிடம் கேட்டேன், "சோதினைக்கு வராது" என்றார்.

கோண்டாவில் கிழவன்:
தம்பி, 10 கி.மீ.யில் விட்டால் மலையில் கொண்டுபோய் மோதுவீர். சந்திரனின் ஆக உயர்ந்த இடம் சராசரி மட்டத்திலிருந்து பத்தரை கி.மீ.க்கும் மேலே.

அதைவிடப் பெரிய கரைச்சல் ஈர்ப்பு. பெரிய விண்கற்கள் மோதிய பள்ளங்கள் சிலவற்றுக்குக் கீழே அடர்த்தி கூடிய பாறை திரண்டு கிடக்கிறது, மாஸ்கொன் என்பார்கள், லூனர் ஓர்பிட்டர் கலங்கள் போன பாதையைப் பார்த்து 1968 இல் கண்டுபிடித்தது. அதற்கு மேலால் போகும் ஒவ்வொரு முறையும் கலத்தைக் கொஞ்சம் இழுக்கும், வட்டமாக இருந்த பாதை மெல்ல மெல்ல நீள்வட்டமாகி ஒரு பக்கம் தரையில் முட்டிவிடும். அப்பலோ 16 போனவர்கள் 1972 ஏப்ரலில் சின்னச் செய்மதி ஒன்றை ஏறக்குறைய 100 கி.மீ.யில் விட்டுவிட்டு வந்தார்கள். பாதையைத் திருத்த அதில் இயந்திரம் இல்லை. ஐந்து கிழமையில் விழுந்துவிட்டது.

பண்ணைக்காற்று:
அண்ணை சொன்னதோடு ஒன்று. கீழே போகவே கூடாது என்றில்லை, எரிபொருள்தான் கணக்கு. சந்திரனைச் சுற்றிப் படமெடுக்கும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் முதலில் 50 கி.மீ.யில், அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவுத் தூரத்தில், மாதாமாதம் பாதையைத் திருத்தித் திருத்தித்தான் ஓடியது. 2011 கடைசியில் தென்துருவத்துக்கு மேல் 30, வடக்கே ஏறக்குறைய 200 என்று நீள்வட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பாதையில் இழுவைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் எரிபொருள் மிச்சம், இன்னும் ஓடுகிறது. நாசாவின் கிரெயில் கலங்கள் இரண்டும் சந்திரனின் ஈர்ப்பையே அளக்கப் போனவை, கிட்டப் போனால்தான் நுணுக்கம் தெரியும், அதனால் 2012 இல் கடைசியாகச் சராசரி 11 கி.மீ. வரை இறங்கின. எரிபொருள் முடிகிற நேரம் அவர்களே மலையொன்றில் மோதவிட்டார்கள்.

ரியூசன்கள்ளன்:
விளங்குது. அப்ப எங்கள் கூரை டிஷ்ஷுக்கு மேலே நிற்கிற செய்மதி மாதிரி, சந்திரனில் ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற ஒன்றை விடலாமா? சந்திரன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் 27.3 நாளைச் சேரின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன், மையத்திலிருந்து 88,000 கி.மீ. வருகிறது.

கோண்டாவில் கிழவன்:
விடை சரி, ஆனால் நீர் பூமியைக் கணக்கில் சேர்க்கவில்லை. சந்திரனிலிருந்து 60,000 கி.மீ. தாண்டினால் பூமி இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் சீனாக்காரர் 2024 இல் அனுப்பிய செச்சியாவ்-2 என்ற தொடர்பாடல் செய்மதியை, ஆகக் குறைந்த உயரம் 200, ஆகக் கூடியது 16,000 கி.மீ. என்ற நீண்ட பாதையில் விட்டார்கள். ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம், அதில் கனநேரம் தென்துருவம் அதன் கண்ணில் படும். அந்த 24 மணி வருகிறதா என்று இதே சமன்பாட்டில் போட்டுப் பாரும். சந்திரனின் ஆரை 1,737 கி.மீ., கூட்ட மறக்க வேண்டாம்.