‘சைமல்டேனிட்டி’: உடனிகழ்வா, நேரவொப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில், இரு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதைக் குறிக்கும் சைமல்டேனிட்டி (simultaneity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சமகாலத்தன்மை’, ‘உடனிகழ்வு’ என இரண்டு பரிந்துரைகள் நம்முன் உள்ளன. முதலாவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒரே நூற்றாண்டில் வாழ்ந்த இரு புலவர்களையும் சமகாலத்தவர் என்கிறோம். நொடியின் நுண்பகுதிகளைப் பற்றிய பேச்சுக்கு அது மிகவும் தளர்வான சொல். இரண்டாவது நல்ல சொல். மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருளும் உண்டு என இலக்கணம் பயின்றவர்களுக்கு அது புதியதும் அன்று. எனினும் எனக்கு ஐயம் பிறப்பது அந்த இலக்கணத்திலிருந்தே.

‘ஆசிரியரோடு மாணவன் வந்தான்’ என்னும்போது இருவரும் ஒரே நேரத்தில் மட்டுமன்றி ஒரே இடத்திலும் இருக்கிறார்கள். ஐன்ஸ்டைன் 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலில் எடுத்துக்கொள்வதும் இத்தகைய நிகழ்வையே: தொடர்வண்டி 7 மணிக்கு வருகிறது என்றால், என் கடிகாரத்தின் சிறிய முள் 7-ஐக் காட்டுவதும் வண்டி வந்து சேர்வதும் உடனிகழ்கின்றன என்று பொருள். எவ்வளவு விரைவாகச் செல்பவரும் இதை மறுக்க முடியாது. கடிகாரத்துக்கு நெடுந்தொலைவில் நடப்பதற்கு நேரம் குறிக்க முற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. அங்கே ஐன்ஸ்டைன் ஒளியைக் கருவியாகக் கொள்கிறார். ஓரிடத்திலிருந்து புறப்பட்ட ஒளி மற்றோரிடத்தில் பட்டுத் திரும்புகையில், போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என வரையறையாகவே வைத்துக்கொண்டு, அதன்படி இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் ஒத்துப்போகச் செய்கிறார். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என முடிவுள்ளதாகவும், நோக்குபவர் அனைவருக்கும் ஒன்றாகவும் இருப்பதால், ஒருவருக்கு ஒத்திருக்கும் கடிகாரங்கள், அவற்றை இணைக்கும் கோட்டின் திசையில் சீராக விரையும் மற்றவருக்கு ஒவ்வாமல் போகின்றன.

ஆகவே ஒரே இடத்தில் நடப்பவற்றுக்கு ‘உடனிகழ்வு’ என்பதையும், தொலைவில் நடப்பவற்றுக்கு ‘நேரவொப்பு’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம் என முன்மொழிகிறேன். முன்னது எல்லாருக்கும் பொது. பின்னது நோக்குபவரைச் சார்ந்தது. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால், சார்பியலின் தொடக்கமே அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடும். மேலும், ‘ஒப்பு’ என்பதில் சமம் என்ற பொருளோடு ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளும் இருக்கிறது. போக வர ஒரே நேரம் என்பது அளந்து கண்டது அன்று, ஒப்புக்கொண்டது என்பதை அச்சொல் தானாகவே உணர்த்துகிறது.

‘ஒளி வந்து சேரத் தாமதமாவதைத்தானே இப்படிச் சுற்றிச் சொல்கிறீர்கள்’ என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் தாமதம் 1676-இலேயே தெரிந்த செய்தி. புவி வியாழனை விட்டு விலகும் மாதங்களில் அயோ என்னும் அதன் நிலவின் மறைப்புகள் பிந்தித் தெரிவதை டென்மார்க் வானியலாளர் ரோமர் ஒளியின் இந்தத் தாமதத்தைக் கொண்டே விளக்கினார். தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் எஞ்சி நிற்கும் வேறுபாட்டையே நாம் இங்கே பேசுகிறோம். எனவே ‘ஒருங்குகாட்சி’ போன்று காண்பதைக் குறிக்கும் சொற்கள் இதற்கு ஆகா.

‘நேரவொப்பின் சார்புநிலை’, ‘நேரமொத்த நிகழ்வுகள்’ என்று தொடர்கள் இடர்ப்பாடின்றி அமைகின்றன. வினைச்சொல்தான் இடறுகிறது. கடிகாரங்களை ‘நேரமொப்பித்தல்’ என்றால் மனப்பாடம் ஒப்பிக்கும் மாணவன் நினைவுக்கு வருகிறான். ‘ஒத்திசைத்தல்’ என்பதைக் கணினித் தமிழ் ஏற்கெனவே கோப்புகளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போதைக்கு ‘நேரமொக்கச் செய்தல்’ என்று எழுதி வருகிறேன். இதைவிடச் சுருக்கமானது தோன்றினால் தெரிவியுங்கள்.