யெஸ்டி 250: டைமிங் ஒரு இடத்துல நிக்கல, வழி சொல்லுங்க

அண்ணன்மாருங்க உதவணும். அப்பா ஓட்டின யெஸ்டி 250 பைக், பாயிண்ட் செட் (திறந்து மூடி பிளக்ல பொறி வர வைக்கற சின்ன ஸ்விட்ச்) இருக்கற பழைய வண்டி. காலைல சுலபமா ஸ்டார்ட் ஆகுது. சூடானதும் மேடு ஏறினா இன்ஜின் தட்டுது, பிளக் வெளுத்துப் போய் வருது. சில நேரம் கிக்கர் காலைத் திருப்பி அடிக்குது. டைமிங் அட்வான்ஸ் ஆகுதுன்னுதான், அதாவது பொறி முன்கூட்டியே விழுதுன்னுதான் தோணுது.

பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. வெச்சு, பிளக் துளையில பிஸ்டன் நிலையை அளக்க டயல் கேஜ் போட்டு, பாயிண்ட் திறக்கற இடத்தைக் காட்ட பல்பு வெச்சுப் பார்த்துதான் முடுக்கினேன். கண்டன்சரும் புதுசு. ஆனா பல்பு எரியற இடம் சுற்றுக்குச் சுற்று மாறுது! பாயிண்டைத் திறக்கற கேம் கிராங்க் முனையிலேயே இருக்கறதால கிராங்க் பேரிங் ஆட்டமோன்னு சந்தேகம். கிராங்க் ஆயில் சீல் வழியா காத்து இழுத்தாலும் பிளக் வெளுக்கும். இன்ஜினைப் பிரிக்காம இது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடுமோன்னு பயந்து வண்டியை எடுக்கவே இல்லை.