சாதாரண தரம் வருகிறது, வலைப்பந்தை நிறுத்தவா?

மாங்குளம் அம்மா:
மகள் பத்தாம் தரம். பாடசாலை வலைப்பந்தாட்டக் குழுவில் சென்டர். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. போன கிழமை வலயப் போட்டியில் ஒரு கோலால் தோற்று வந்தவள் இரவு சாப்பிடவே இல்லை. விளையாட்டு வாழ்க்கையைக் கற்றுத் தரும் என்கிறார் ரீச்சர். அப்படி என்னத்தைக் கற்றுத் தருகிறது? விளையாடினவர்கள் சொல்லுங்கள்.

கனகராயன்:
நிறுத்துங்கள் அக்கா. நானும் உதைபந்து விளையாடியவன்தான். கோட்டம், வலயம், மாவட்டம் என்று ஏறி மாகாணம் வரை போனோம். பதினேழு வயதில் முழங்கால் சவ்வு கிழிந்தது. வீங்கின காலோடு இரண்டாம் பாதிக்கும் இறக்கினார்கள். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறையும் எடுக்க வேண்டி வந்தது. சான்றிதழ் ஃபைலுக்குள் கிடக்கிறது, கால் இன்றைக்கும் மழைக்கு நோகிறது. தோல்வியைத் தாங்கப் பழகலாம் என்பார்கள். வன்னிப் பிள்ளைக்கு இழப்பைப் பற்றிச் சொல்லித்தர ஒரு பந்து வேண்டுமா?

வற்றாப்பளை தங்கச்சி:
அண்ணை, உங்கள் காலுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இழப்பும் தோல்வியும் ஒன்றில்லை. 2009 போரில் செல்லடியில் போனதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு கோலால் தோற்ற ஆட்டத்தில் எந்தப் பாஸ் பிழைத்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் பின்னேரம் போய் அதைத் திருத்தலாம். மீளக்குடியேறி வந்த வயதில், திருத்தக்கூடிய பிழை என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அக்கா, நானும் சென்டர்தான். சென்டர் கோல் போட ஏலாது. கோல் கம்பத்துக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் கால் வைத்தால் ஓப்சைட். பந்து கைக்கு வந்தால் 3 செக்கனுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் நல்லாய் ஓடுவேன், பிடிப்பேன், ஆனால் ஷூட்டர் இருக்கிற பக்கம் பார்க்கவே மாட்டேன். ஒரு பின்னேரம் ரீச்சர் என் கையில் பந்தே தராமல் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்தார். ஷூட்டரின் காலை மட்டும் பார் என்றார். அவள் இடது காலை ஊன்றினால் வலப்பக்கம் வெட்டுவாள். ஒரு மணித்தியாலம் பார்த்த பிறகுதான் அது பிடிபட்டது. இப்போது நான் தாதி. வார்டில் நோயாளி வாய் திறக்கமுதல் அவருடைய கையைப் பார்க்கிறேன், போர்வையை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று.

முள்ளியவளையான்:
எங்கள் ஊர் அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளத்தில் தங்கம் வென்று வந்தார். பதினாறு வயதுப் பிள்ளையை ஏன் இப்பவே இருத்தப் பார்க்கிறீர்கள்?

கனகராயன்:
அந்த அம்மாவை நினைத்தால் எனக்கும் பெருமைதான். அவரை ஒருவரும் வீங்கின காலோடு இறக்கவில்லை.

தங்கச்சி எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். இழப்பு வேறு, தோல்வி வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லித் தந்தது உங்கள் ரீச்சர், விளையாட்டு இல்லை. எனக்குக் கிடைத்தவர் வெல்வதை மட்டும்தான் பார்த்தார். இன்னொன்று, ஏழு பேர்தான் ஆடலாம். இரண்டு வருடம் வெளியே இருந்து தண்ணீர்ப் போத்தல் தூக்கின பிள்ளை என்ன படித்தது? அதோடு, பயிற்சி முடிந்து இருட்டில் வீதியோரம் நிற்கிற பெண்பிள்ளையை யார் வீட்டுக்குக் கூட்டி வருவது?

வற்றாப்பளை தங்கச்சி:
வெளியே இருந்தவளைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. எங்கள் குழுவிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். அவளை ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. அது எங்கள் குழு செய்த பிழை, அதற்கு நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், விளையாட்டை நிறுத்தாமல் ரீச்சரோடு கதையுங்கள் அக்கா. நோவென்றால் இறக்கக்கூடாது, எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

மாங்குளம் அம்மா:
நேற்று இரவு மகளிடம் கேட்டேன், எந்தப் பாஸ் பிழைத்தது என்று. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, ஈரக் கையால் சீமெந்து நிலத்தில் வட்டம் கீறினாள். யார் எங்கே நின்றது, தான் எங்கே பார்க்காமல் விட்டது என்று காய்வதற்குள் மூன்று தரம் கீறிக் காட்டினாள். அப்புறம் கோப்பையை இழுத்துச் சாப்பிட்டாள்.

கனகராயன் தம்பி, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன். பயிற்சியை ஐந்து மணிக்கு முதல் முடிக்கச் சொல்லிக் கேட்பேன். எங்கள் பக்கம் வருகிற கடைசி பஸ் அதோடு போய்விடும்.