சூரியச் சுழற்சி 25: கணிப்பு எங்கே தவறியது?

முருகேசன்:
சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகித் தணிவதுதான் சூரியச் சுழற்சி. 2019-ல் நாசாவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் கூட்டிய குழு, 25-வது சுழற்சியின் உச்சம் 2025 ஜூலையில் வரும், சூரியப் புள்ளி எண் 115 அளவில் நிற்கும் என்றது. உச்சம் 2024 அக்டோபரிலேயே வந்துவிட்டது. எண் சுமார் 161. சொன்னதைவிட 40 சதவீதம் கூடுதல்! புள்ளிகள் பெருகினால் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பும், தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை இழுத்துவிடும். இவ்வளவு பிசகும் எண்ணை வைத்து யார் திட்டம் போடுவது? அந்த உழைப்பை அன்றாட எச்சரிக்கைக்குத் திருப்பலாம். 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் 38 வரை அழிந்தது ஒரு சிறிய காந்தப் புயலில். உச்சத்துக்கு அப்போது இரண்டரை ஆண்டு பாக்கி.

பூங்குழலி:
அண்ணா, பிசகு உண்மைதான். ஆனால் சராசரிக்கும் கீழான சுழற்சி என்று அதே குழு சொன்னது பலித்ததே. சராசரி உச்சம் 179. கொல்கத்தாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான ஐஐஎஸ்ஈஆரில் ஆய்வாளர்கள் பௌமிக்கும் நந்தியும் 2018-லேயே, 24-வதை ஒத்தோ சற்று வலுவாகவோ இருக்கும், உச்சம் 2024 வாக்கில் என்று எழுதினார்கள். ஆண்டு சரியாக விழுந்தது.

முருகேசன்:
ஆண்டு சரி, உயரம்? அவர்களும் 118-ஐ ஒட்டித்தான் சொன்னார்கள். மெக்கின்டாஷ் என்ற ஆய்வாளரின் குழு 2020-ல் 233 என்றது, பிறகு 184-க்கு இறங்கியது. இத்தனை பேர் இத்தனை எண் சொன்னால் யாராவது ஒருவர் பக்கத்தில் வரத்தானே செய்வார்? 24-வது சுழற்சி முந்தையதைவிட 30 முதல் 50 சதவீதம் வலுவாக இருக்கும் என்று 2006-ல் ஒரு கணினி மாதிரி சொன்னது. வந்ததோ நூறாண்டில் மிக மெலிந்த சுழற்சி.

பூங்குழலி:
அதே 24-வதுக்கு 2005-ல் ஸ்வால்கார்டு என்ற ஆய்வாளரின் குழு 75 என்றது. அன்றைய பழைய அளவீட்டில் வந்தது 82. அவர்கள் பார்த்தது துருவக் காந்தப்புலம். சுழற்சி தணியும்போது துருவங்களில் சேர்ந்திருக்கும் புலம்தான் அடுத்த சுழற்சிக்கு விதைநெல். ஆனால் அதை நேரடியாகத் தொடர்ந்து அளந்தது 1970-களிலிருந்துதான். கையில் இருப்பது நாலைந்து சுழற்சி. அதனால்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பதிவுகள் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த கால்சியம் படங்களில் (கால்சியம் உமிழும் ஒளியை மட்டும் வடிகட்டி எடுத்த சூரியப் படங்கள்) துருவத்தருகே தெரியும் பொட்டுகளை எண்ணி, பழைய துருவப்புலத்தை மீட்டிருக்கிறார்கள். இந்த வேலையையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?

வேலு:
நான் ஹாம் ரேடியோக்காரன், பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவன். 2019-ல் புள்ளிகள் குறைவு, 28 மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல். புள்ளிகள் பெருகிய 2024-ல் சிறிய ஆன்டெனாவிலேயே ஐரோப்பாவோடு பேசினேன். அந்த மே மாதம் தொலைநோக்கி வழியே சூரியப் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, 3664 என்று எண்ணிட்ட புள்ளிக்கூட்டத்தைப் பென்சிலால் வரைந்தேன். பூமியைப் போல 15 மடங்கு அகலம். சில நாளில் காந்தப் புயல்களில் உச்ச நிலையான ஜி5 புயல். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அந்தப் புயலை எந்தச் சுழற்சிக் கணிப்பும் தேதி போட்டுச் சொல்லாது. ஆனால் எந்த ஆண்டுகளில் ஆன்டெனாவை ஏற்றி வைப்பது என்று எனக்கு அது சொன்னது.

முருகேசன்:
சரி, நிறுத்தச் சொன்னது அதிகப்படிதான். ஆனால் 25-வதுக்கு அந்த நாசா-நோவா குழு 105 முதல் 125 வரை என்று அவ்வளவு குறுக்கிச் சொன்னதை ஏற்க முடியாது. தெரியாத அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பூங்குழலி:
அதில் நானும் உங்கள் பக்கம். ஒரு பெரிய புள்ளிக்கூட்டம் வழக்கத்துக்கு மாறான சாய்வில் எழுந்தாலே துருவப்புலம் மாறிவிடும். அதனால் 26-வதுக்கு இப்போதே யார் எண் சொன்னாலும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். சூரியன் தணியட்டும், துருவத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.